மொழி தெரியாத தெருவில் ஒரு விசில்

பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸுக்கு வேலைக்குப் போன மூன்றாவது வாரம். வேலை முடிந்து வடக்கு ரயில் நிலையத்தில் இறங்கி அறைக்கு நடந்துகொண்டிருந்தேன். நவம்பர் மாதம், சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. எதிரே வந்த ஒருவன் என்னைத் தாண்டிப் போனான். அப்புறம் திரும்பி, என் பக்கத்திலேயே நடக்க ஆரம்பித்தான். பிரெஞ்சில் ஏதோ சொன்னான். குரலில் கோபம் இல்லை, சிரித்த முகம்தான். 'மத்மொசெல்' என்ற ஒரு சொல் மட்டும் காதில் பிடிபட்டது. வழி கேட்கிறான் போல என்று நினைத்து, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் இன்னும் ஒட்டி வந்தான். "இந்தியா? நமஸ்தே! பாலிவுட்!" என்றான். நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் போட்டான். அந்தச் சத்தம் எனக்குப் புரிந்தது.

அறைக்கு வந்து கதவைத் தாழ் போட்ட பிறகும் ஒன்று மட்டும் விளங்கவில்லை. அவன் சொன்னது வெறும் வழிசலா, மிரட்டலா? நாளைக்கும் அதே வழியில் நடக்கலாமா, கூடாதா? காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு ப்ளஸ் ஒன்னில் தொடங்கி டிகிரி முடியும்வரை ஐந்து வருஷம் டவுன் பஸ்ஸில் போய் வந்தவள் நான். அந்த பஸ்ஸில் காதில் விழுகிற ஒவ்வொரு கமெண்டுக்கும் எடை தெரியும். எது பசங்களுக்குள் சும்மா பந்தயம் கட்டிச் சொல்வது, எது இறங்கின பிறகும் பின்னால் வரப்போவது, எந்தக் குரலுக்குத் திரும்பி முறைத்தால் அடங்கும், எந்தக் குரலுக்குத் திரும்பவே கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பழகியிருந்தது. பிரஸ்ஸல்ஸில் அந்தப் பழக்கம் உதவவில்லை. சொல்லின் பொருள் தெரியாதபோது எல்லாச் சொல்லும் ஒரே அளவு பயத்தைக் கொடுக்கிறது. வெளிநாட்டுத் தெருவில் ஒரு பெண்ணுக்கு நேரும் தொல்லையில் தனியாக இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் எங்கும் உள்ளதுதான்.

இந்தக் கட்டுரையை எழுத ஒரு காரணம் இருக்கிறது. நான்கு வருஷம் கழித்து ஊர் திரும்பியதிலிருந்து, தெரிந்தவர்கள் இரண்டு விதமாகவே கேட்கிறார்கள். "அங்கெல்லாம் ராத்திரி பன்னெண்டு மணிக்கும் பொண்ணுங்க தனியா நடக்கலாமாமே?" என்பது ஒன்று. "அங்கேயும் இப்படித்தானா? அப்ப நம்ம ஊரைக் குறை சொல்ல என்ன இருக்கு?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆமாம், இல்லை என்று ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை.

முதலில் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயரைப் பார்க்கலாம். நம் பக்கத்தில் 'கமெண்ட் அடிக்கிறது' என்போம். கேலி, கிண்டல், வம்பிழுக்கிறது, ஓட்டுறது என்றும் சொல்வோம். எல்லாமே விளையாட்டைச் சேர்ந்த சொற்கள். கூடப் படிக்கிறவனும் கிண்டல் செய்வான், சித்தப்பாவும் கிண்டல் செய்வார், பஸ்ஸில் முகம் தெரியாத ஒருவன் மார்பைப் பற்றிப் பேசினாலும் அதுவும் 'கிண்டல்'தான். இந்திய ஆங்கிலத்தில் பல காலம் புழங்கிய 'ஈவ் டீசிங்' இதைவிட மோசம். ஏவாள்தான் ஆதாமைக் கெடுத்தாள் என்கிற கதை அந்தப் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 'டீசிங்' என்பதோ மறுபடியும் விளையாட்டு. மேலைநாடுகளில் சொல்லும் 'கேட்காலிங்' என்ற சொல் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. நாடகம் பிடிக்காதபோது பார்வையாளர்கள் பூனை கத்துவதுபோல ஒலிக்கும் ஒரு விசிலை ஊதுவார்கள், அதற்குத்தான் அந்தப் பெயர். மேடையில் நிற்பவரைப் பார்த்துக் கீழே இருப்பவர் ஊதிய விசில் அது. தெருவில் போகும் பெண் எந்த மேடையிலும் ஏறவில்லை. பார்க்கப்படுவதற்காக அவள் வெளியே வரவில்லை, வேலைக்குப் போகிறாள்.

பெயர் ஏன் முக்கியம் என்றால், புகார் சொல்லப் போகும்போது வாயில் முதலில் வருவது அந்தப் பெயர்தான். "கிண்டல் பண்றான்" என்று சொன்னால், கேட்பவர் சிரித்துவிட்டு "விடு" என்பார். நாம் கொடுத்த சொல்லே அவருக்கு அந்த வசதியைச் செய்துகொடுக்கிறது.

என் பஸ் நாட்களைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலை எட்டு மணி பஸ்ஸில் நிற்கவே இடம் இருக்காது. புட்போர்டில் நாலு பேர் தொங்குவார்கள். நாங்கள் நாலைந்து பெண்கள் கூட்டமாகத்தான் ஏறுவோம், புத்தகப் பையை முதுகிலிருந்து கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்வோம். எல்லோருடைய துப்பட்டாவிலும் ஒரு ஊக்கு கூடுதலாக இருக்கும். துப்பட்டாவைப் பிடிக்க ஒன்று போதும். இன்னொன்று, பின்னாலிருந்து உரசுகிறவனுக்கு. அம்மா கொடுத்த ஊக்கு அது. "எதுக்கு" என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவுக்கும் அவருடைய அம்மா கொடுத்திருப்பார் போல. பிரஸ்ஸல்ஸில் என் கைப்பையின் வாரில் அதே மாதிரி ஒரு ஊக்கு நான்கு வருஷமும் இருந்தது. அங்கே என்னோடு வேலை செய்த போர்ச்சுகல் பெண், இரவில் நடக்கும்போது வீட்டுச் சாவியை விரல்களுக்கு நடுவில் நீட்டிப் பிடித்துக்கொள்வாள். இன்னொருத்தி காதில் இயர்போன் மாட்டியிருப்பாள், பாட்டு ஓடாது. யாராவது கூப்பிட்டால் கேட்காத மாதிரி போவதற்கு அது. ஊக்கையும் சாவியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருநாள் மூவரும் பேசிக்கொண்டிருந்தோம். மூன்று நாட்டுக்காரிகளும் ஒரே பாடத்தைத்தான் படித்திருந்தோம்.

ஆனால் அந்தப் பேச்சில் ஒரு இடத்தில் நான் மட்டும் தனியாக நின்றேன். "உன் அம்மாவிடம் சொன்னாயா?" என்று அவர்கள் சாதாரணமாகக் கேட்டார்கள். நான் சொல்லவே இல்லை. எங்கள் பஸ் கூட்டத்தில் யாருமே வீட்டில் சொன்னதில்லை. பத்தாம் வகுப்பு வரை என்னோடு படித்த ஒருத்தி சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் தினமும் பைக்கில் வந்து நின்ற ஒருவனைப் பற்றித்தான் சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து அவளுடைய அண்ணன் கூடவே வந்தான். அதற்கடுத்த மாதம் அவள் பள்ளிக்கு வரவில்லை. பதினேழு வயதில் கல்யாணம் ஆகி ஊத்தங்கரைப் பக்கம் போனாள். பைக்கில் வந்தவன் அதே ஸ்டாப்பில், அதே நேரத்துக்கு, வேறு பெண்களுக்காக நின்றுகொண்டிருந்தான். அதை நாங்கள் தினமும் பார்த்தோம். வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்பதை அவனைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம்.

குழந்தைத் திருமணம் என்ற பேச்சு வந்தாலே தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடிபடும். 2004இல் இரண்டு மாவட்டங்களாகப் பிரிந்தாலும் இந்த விஷயத்தில் நாம் இன்னும் ஒரே மாவட்டம்தான். வறுமை, சொந்தத்தில் சொத்து, வரதட்சணை, காதல் பயம் என்று காரணங்களைச் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஏழெட்டுக் கிலோமீட்டர் சாலையும் ஒரு காரணம் என்பது பட்டியலில் அரிதாகவே வருகிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களில் பஸ்ஸே இரண்டு வேளைதான் என்றால், அதை விட்டுவிட்டால் நடைதான். அந்த நடையில் யாரோ ஒருவன் என்னமோ சொன்னான் என்று வீட்டுக்குத் தெரிந்தால், பெற்றோருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு, பெண்ணை நிறுத்திவிடுவது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சாலையைச் சரிசெய்ய அவர்களால் முடியாது, பெண்ணை நிறுத்த முடியும்.

டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து பொருளாதார அறிஞர் கிரிஜா போர்கர் செய்த ஆய்வு இதைத்தான் வேறு கோணத்தில் காட்டியது. நல்ல மதிப்பெண் இருந்தும், போகிற வழி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பெண்கள் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பயணத்துக்கு ஆண்களைவிட அதிகம் செலவழிக்கவும் தயாராக இருக்கிறார்கள். தெருவில் ஒருவன் வாயைத் திறந்து மூடுவதற்கு இரண்டு விநாடி. அதற்கு ஒரு பெண் கொடுக்கும் விலை கல்லூரியிலும் சம்பளத்திலும் போய் முடிகிறது. நாம் "சின்ன விஷயம்" என்பது இதைத்தான்.

சரி, பெல்ஜியத்துக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் பிரஸ்ஸல்ஸுக்குத் தனி வரலாறு உண்டு. 2012இல் சோஃபி பீட்டர்ஸ் என்ற திரைப்பட மாணவி, தான் குடியிருந்த அன்னெசென்ஸ் பகுதித் தெருக்களில் மறைத்து வைத்த கேமராவோடு நடந்தார். வழியில் ஆண்கள் சொன்னதெல்லாம் பதிவானது. கூப்பிடுவது, ஹோட்டலுக்கு வருகிறாயா என்று கேட்பது, பதில் சொல்லாவிட்டால் வசவு. படிப்புக்காக எடுத்த அந்த ஆவணப்படம் தொலைக்காட்சியில் வந்ததும் நாடே பேசியது. அந்த வருஷமே பிரஸ்ஸல்ஸ் நகர நிர்வாகம் தெருவில் வசை பேசினால் 250 யூரோ வரை அபராதம் போடலாம் என்று அறிவித்தது. 2014 மே மாதம், பொது இடத்தில் பாலின அவமதிப்பைக் குற்றமாக்கும் தனிச் சட்டமே வந்தது. ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் இருந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் முதல் தண்டனை வர 2017 கடைசி ஆனது. அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவரும் ஒரு பெண் போலீஸ். சாலையில் ஒருவனை நிறுத்தி விசாரித்தபோது, பெண்களுக்கு ஏற்ற வேலையைப் போய்ப் பார் என்கிற தோரணையில் அவன் அவமதித்தான், 3,000 யூரோ அபராதம் விழுந்தது. தெருவில் தனியாகப் போகும் சாதாரணப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் ஏன் கைக்கு எட்டவில்லை என்பதற்கு அந்த வழக்கே விளக்கம். சொன்னவன் யார் என்று தெரிய வேண்டும், சாட்சி வேண்டும், அவன் அங்கேயே நிற்க வேண்டும். பெண் போலீசுக்கு மூன்றும் கிடைத்தன. எனக்கு வடக்கு ரயில் நிலையத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பிரான்சில் 2018இல் நடந்தது இன்னும் சூடாக. பாரிஸில் மரீ லாகேர் என்ற இளம்பெண், தன்னைப் பார்த்து ஆபாசமாகச் சத்தம் போட்டவனைப் பார்த்து "வாயை மூடு" என்றார். அவன் ஓட்டல் வாசலில் எல்லோர் கண் முன்னாலும் அவரைக் கன்னத்தில் அறைந்தான். ஓட்டல் கேமராவில் பதிவான காட்சி உலகம் முழுக்கப் போனது. அடுத்த மாதமே, 90 யூரோவிலிருந்து 750 யூரோ வரை அந்த இடத்திலேயே அபராதம் போடும் சட்டம் நிறைவேறியது. போர்ச்சுகல் 2015இல் பாலியல் அழைப்புப் பேச்சைக் குற்றமாக்கியது. நெதர்லாந்தில் 2024 ஜூலையில்தான் வந்தது. ஜெர்மனியில் தொட்டால் குற்றம். வெறும் சொல் என்றால் அது தனிப்பட்ட அவமதிப்பு என்று காட்ட வேண்டும், பல நேரம் அது நடப்பதில்லை. தேதிகளைப் பாருங்கள், எல்லாம் நேற்று முன்தினம் வந்தவை. ஐரோப்பா காலங்காலமாக இதில் ஒழுங்காக இருந்தது என்ற நம் எண்ணம் தவறு.

அந்த ஆவணப்படத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கேமராவில் பதிவான ஆண்களில் பெரும்பாலோர் வட ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்களாகத் தெரிந்தார்கள். அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களே பெரும்பாலும் அவர்கள்தான். உடனே விவாதம் திசை மாறியது. பெண்களைப் பற்றிய பேச்சு குடியேறிகளைப் பற்றிய பேச்சானது. பெண்கள் மேல் அதுவரை அக்கறை காட்டாதவர்கள்கூட "பார்த்தீர்களா, இவர்கள்தான்" என்று கிளம்பினார்கள். என் அனுபவம் வேறு. என்னிடம் அலுவலக உடையில், விலை உயர்ந்த பையோடு, டிராமில் வந்து "இந்தியப் பெண்கள் கட்டிலில் எப்படி?" என்று சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டவன் வெள்ளைக்காரன்தான். தெருவில் கத்துகிறவன் கேமராவில் விழுகிறான், காதோடு சொல்கிறவன் விழுவதில்லை. என் நிறம் இரண்டு பேருக்கும் ஒரு சாக்கு. 'நமஸ்தே' என்ற சொல்லை அந்த நான்கு வருஷத்தில் மரியாதையாகச் சொன்னவர்களைவிட வேறு விதமாகச் சொன்னவர்களே அதிகம். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு உடம்பு ஒருமுறை இறுகும்.

இதெல்லாம் ஏதோ தூரத்து ஊர்க் கதை என்று நினைப்பவர்கள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் அரை மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஓசூர் வெளியூர்க்காரர்களால் ஆன ஊர்தான். ஆனால் முன்பு வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இப்போது ஓசூரைச் சுற்றியுள்ள மின்னணு உதிரிபாக ஆலைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று பல மாநிலங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். பதினெட்டு, இருபது வயது. விடுதியில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார்கள். லீவு நாளில் நாலைந்து பேராகச் சேர்ந்து கடைத்தெருவுக்கு வருவார்கள், ஷாம்பூ, வளையல், போன் கவர் வாங்குவார்கள், பானிபூரி சாப்பிடுவார்கள். அவர்கள் கடந்து போகும்போது நம் பசங்க சொல்வதை நான் நின்று கேட்டிருக்கிறேன். நம் ஊர்ப் பெண்ணிடம் சொல்லத் தயங்கும் சொல்லையெல்லாம் அங்கே உரக்கச் சொல்கிறார்கள். காரணம் எளிது: "அவளுக்குத்தான் தமிழ் தெரியாதே." இவளுக்கு இங்கே அண்ணன் இல்லை, தெரு இல்லை, கேட்க ஆள் இல்லை என்பதும் அந்தச் சிரிப்பில் இருக்கிறது.

அந்தப் பெண்கள் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கூட்டுவதைப் பார்த்தபோது எனக்கு அந்த நவம்பர் சாயங்காலம் ஞாபகம் வந்தது. சொல் புரியாவிட்டாலும் குரல் புரியும். அது எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் தெரியாது. நமக்கு ஓசூர் சொந்த ஊர். ராஞ்சியிலிருந்து வந்த பெண்ணுக்கு அது வெளிநாடு. பிரஸ்ஸல்ஸில் எனக்கு எவை இல்லையோ, அவையெல்லாம் ஓசூரில் அவளுக்கு இல்லை. அதே நேரத்தில் நம் ஊரில் ஏதாவது தவறு நடந்தால் "வடக்கத்திப் பசங்க வந்த பிறகுதான் இப்படி" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. நான் ஊக்கோடு பஸ் ஏறிய காலத்தில் காவேரிப்பட்டணத்தில் ஒரு வடக்கத்திப் பையனும் இல்லை.

நம் மாநிலத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் பெல்ஜியத்துக்கும் பிரான்சுக்கும் முன்னாலேயே தமிழ்நாடு இதற்குத் தனிச் சட்டம் போட்டது. 1998 ஜூலையில் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த இளைஞர்கள் செய்த வம்பில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். பட்டப்பகலில், கல்லூரிக்குப் பக்கத்தில். அந்த ஆண்டே அவசரச் சட்டமும் அப்புறம் முழுச் சட்டமும் வந்தன. அப்போது அதில் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். முதலில் அதன் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' இருந்தது. 2002இல் அதை எடுத்துவிட்டு, பெண்களைத் துன்புறுத்துதல் என்று மாற்றினார்கள். நான் மேலே பெயரைப் பற்றி இவ்வளவு நீட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். சட்டமே தன் பெயர் தப்பு என்று ஒருமுறை திருத்திக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் தண்டனையைக் கூட்டும் திருத்தத்தையும் சட்டமன்றம் நிறைவேற்றியது.

2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பும் தமிழ்நாட்டு வழக்கிலிருந்துதான் பிறந்தது. 1999இல் தென்காசி பஸ் ஸ்டாண்டில், கணவரோடு நின்றிருந்த பெண்ணிடம் தவறாக நடந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு போலீஸ்காரர். அந்த வழக்கில் நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சில உத்தரவுகள் போட்டது. பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், சினிமா தியேட்டர் போன்ற இடங்களில் சாதாரண உடையில் பெண் போலீஸ் இருக்க வேண்டும், கேமரா வேண்டும். ஓடும் பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் வண்டியை நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்ட வேண்டும். ஓட்டாவிட்டால் வண்டியின் பெர்மிட்டே போகலாம். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளிலும் திருத்தம் வந்தது. பஸ்ஸில் பெண்களை முறைத்துப் பார்ப்பது, விசில் அடிப்பது, கண்ணடிப்பது, ஆபாசமாகப் பாடுவது, போட்டோ எடுப்பது எல்லாம் அதில் வருகிறது. சொல்லியும் கேட்காதவனைக் கண்டக்டர் வழியிலேயே இறக்கிவிடலாம், போலீசிடமும் ஒப்படைக்கலாம். விதியில் 'முறைத்துப் பார்ப்பது' என்று எழுதியிருக்கிறது என்று நான் சொன்னால் எங்கள் பக்கத்துக் கண்டக்டர்களே நம்புவதில்லை.

இது தவிர, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், பாலியல் நோக்கோடு பேசுவது 75ஆம் பிரிவில் வருகிறது, பின்தொடர்வது 78ஆம் பிரிவில். சொல்லாலோ சைகையாலோ பெண்ணை அவமதிப்பது 79ஆம் பிரிவு, மூன்று வருஷம் வரை தண்டனை. பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும். அதன் கீழ், பாலியல் நோக்கம் இருந்தால், தொடாமல் பேசுவதும் பின்தொடர்வதும்கூடக் குற்றம், அந்தக் குழந்தையின் பெயர் வெளியே வரவும் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கமெண்ட் அடிக்கும் பசங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பெங்களூருக்குத் தினமும் போய் வருகிறவர்களுக்கு இன்னொரு தகவல் உதவும். கிருஷ்ணகிரியிலிருந்து போகும் பஸ் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் மாநிலம் மாறிவிடும். அந்த இடத்தில் நடந்ததற்கு எங்கே புகார் கொடுப்பது என்று தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். நான் விட்டிருக்கிறேன். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் ஒருமுறை இறங்கிப் போய்ச் சொன்னபோது, அது அந்தப் பக்கம் நடந்தது, அங்கே போங்கள் என்றுதான் பதில் வந்தது. இப்போது எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்துகொண்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. மின்னணு வழியில் கொடுத்துவிட்டு மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போடவும் வழி உண்டு. அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் போவதில்லை? இங்கேதான் நான் அந்த இரண்டு கேள்விகளுக்கும் திரும்பி வருகிறேன். பிரஸ்ஸல்ஸில் சட்டம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்த டிராம் ஆளைப் பற்றி நான் புகார் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் நான் அதே டிராமில் அதே வேலைக்குப் போனேன். அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன். வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். "நீ ஏன் அந்த நேரத்துக்குப் போன?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. சொன்னதால் என் கையை விட்டுப் போனது எதுவும் இல்லை. நம் ஊரில் சொல்கிற பெண்ணுக்கு முதலில் போவது பஸ் பாஸ். அப்புறம் போன். அப்புறம் படிப்பு. காவல் நிலையத்தில் நல்ல மனசோடு சொல்கிற ஆள்கூட "வேண்டாம்மா, உன் பேருதான் கெடும்" என்றுதான் ஆரம்பிக்கிறார். தண்டனையை ஐந்து வருஷமாக்கினாலும் பத்து வருஷமாக்கினாலும், சொன்னவளுக்கு வீட்டில் கிடைக்கும் தண்டனை குறையாதவரை அந்தச் சட்டப் பிரிவுகளில் வழக்கு வராது. என் தோழிகள் இப்போது அம்மாக்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் மகள் வந்து சொன்னால், அவளை எங்கே நிறுத்துவது என்று யோசிக்காதீர்கள். பஸ் ஸ்டாப்புக்கு நீங்கள் இரண்டு நாள் போய் நில்லுங்கள். அவள் போகட்டும்.

கூட இருப்பவர்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வெளிநாடுகளில் பயிற்சியே நடத்துகிறார்கள். தொல்லை கொடுப்பவனோடு நேரடியாக மோதத் தேவையில்லை. அந்தப் பெண்ணிடம் போய் மணி கேட்பது, தெரிந்தவர் மாதிரிப் பேச்சுக் கொடுப்பது, வேறு யாரையாவது உதவிக்குக் கூப்பிடுவது, நடந்து முடிந்த பிறகு "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பது என்று சொல்லித் தருகிறார்கள். பிரஸ்ஸல்ஸில் நானும் ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதையே பயிற்சிக்குப் போகாத ஒருவர் செய்ததைப் போன மாம்பழ சீசனில் பார்த்தேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ். சூளகிரியில் ஒரு அம்மா இரண்டு கொத்தமல்லி மூட்டையோடு ஏறினார். பஸ் முழுக்க அந்த வாசனை. நடுவில் கம்பியைப் பிடித்தபடி கம்பெனி அடையாள அட்டை போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள், பின்னால் மூன்று பசங்க. இந்தி சினிமாப் பாட்டில் ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள், கழுத்து நரம்பு தெரிந்தது. நான் எழுந்திருக்கலாமா என்று யோசிப்பதற்குள் அந்த அம்மா ஒரு மூட்டையைத் தூக்கி அந்தப் பெண்ணுக்கும் பசங்களுக்கும் நடுவில் தொப்பென்று போட்டார். தன் சீட்டில் நகர்ந்து, கையால் தட்டி, "இங்க வா பாப்பா, உக்காரு" என்றார். அவளுக்குத் தமிழ் புரியவில்லை, கை தட்டியது புரிந்தது. வந்து உட்கார்ந்தாள். அந்த அம்மா திரும்பி, "ஏம்ப்பா கண்டக்டரு, பாட்டுக் கச்சேரிக்கு தனி டிக்கெட் குடுத்தியா? இவனுங்கள முன்னால நிக்க வையி" என்றார். கண்டக்டர் வந்தார். "படிக்கட்டு கிட்ட வாங்கடா" என்றார். வந்தார்கள்.

ஓசூரில் அந்தப் பெண் இறங்கும்போது எனக்குத் தெரிந்த இந்தியில் எந்த ஊர் என்று கேட்டேன். ஒடிசாவில் ராயகடா என்றாள். அந்த அம்மாவைப் பார்த்து 'அக்கா' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த அம்மா மூட்டையை இறக்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"அந்தப் பொண்ணு எந்த ஊராம்?"

சொன்னேன்.

"அது எவ்ளோ தூரம்?"

"ரயில்ல ஒரு நாளைக்கு மேல ஆகும்மா."

"அவ்ளோ தூரம் தனியாவா வந்திருக்கா?" என்று அந்தப் பெண் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் மூட்டையைத் தலைக்கு ஏற்றினார்.